தங்கச்சிகள் இறங்கிய ஊர்

முதல் தங்கச்சி செவ்வலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது அவள் நெஞ்சில் வெட்டுக்காயம் இருந்தது, இடுப்பில் கூழ்ப்பானை இருந்தது, தோளில் மஞ்சள் தாவணி இருந்தது, டிக்கெட் மட்டும் இல்லை. கண்டக்டர் அதற்காக ஏசத் தொடங்கி, காயத்தைப் பார்த்ததும் ஏச்சைப் பாதியில் விழுங்கி, "ஏம்மா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்" என்று கையை நீட்டினார். அவள் ஆஸ்பத்திரி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்த் தறிகளில் சேலையும் நெய்வதில்லை, வேட்டியும் நெய்வதில்லை, பேண்டேஜ் துணிதான் நெய்கிறோம். எந்த ஊரில் எவன் எவனை வெட்டினாலும் கட்டுப்போட நம்ம துணிதான் போகும் என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசுகிற ஆட்கள் நாங்கள், ஆகவே ரத்தத்தைப் பார்த்து யாரும் அலறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தறிசெட்டில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த செல்லக்கனி ஒரு துணிச்சுருளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள், அந்தப் பிள்ளையின் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். காயம் வலிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. துணி மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

"யாரு பெத்த பிள்ளைட்டி நீ?"

"தங்கச்சி."

"யாருக்குத் தங்கச்சி?"

"அண்ணனுக்கு."

"நல்லாருக்கு போ" என்று சொல்லிவிட்டு செல்லக்கனி அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். செல்லக்கனிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, வாய் மட்டும் உண்டு. அந்த வாய்க்குப் பயந்து தெரு நாய் கூட அவள் வாசலில் குரைக்காது. அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வண்டி வந்தது, அதிலிருந்து இன்னொருத்தி இறங்கினாள், அதே காயம், அதே பானை, அதே தாவணி, அதே கேள்வி. அதற்கடுத்த வண்டியிலும் ஒருத்தி. வண்டி வராத நேரத்தில் ஷேர் ஆட்டோவில் ஒருத்தி. சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு முழுக்க ஒரே முகம் உட்கார்ந்திருந்தது.

செல்போன் கடை வாசலில் குனிந்த தலை நிமிராமல் நிற்கும் பையன்கள்தான் அவளை அடையாளம் கண்டார்கள். "ஏலே, இது நம்ம சூலவேட்டையில சாகுத பிள்ளைல்லா!" என்று ஒருத்தன் கத்த, அத்தனை பேரும் போனைத் தூக்கிக் காட்டினார்கள். சூலவேட்டை என்பது ஒரு கேம். தொடங்கியதும் ஒரு கிணற்றடி. அண்ணனுக்குக் கூழ் கொண்டுவருகிற தங்கச்சி. நாலு தடியன்கள் வந்து அவளை வெட்டுகிறார்கள். வீரன் என்கிற அண்ணன் ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து அலறுகிறான், அலறிவிட்டு அரிவாளை எடுக்கிறான், அதற்குப் பிறகுதான் விளையாட்டே ஆரம்பம். ஆக, எவன் எந்த ஊரில் புதிதாக விளையாடத் தொடங்கினாலும் அவள் ஒருமுறை செத்தாள், செத்த ஒவ்வொரு முறையும் எங்கள் ஊரில் வந்து இறங்கினாள். ஏன் இறங்கினாள், எப்படி இறங்கினாள் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கீழத்தெருவில் பெய்கிற மழை மேலத்தெருவில் ஏன் பெய்யவில்லை என்று எவன் கேட்கிறான்?

எங்களுக்கு வேறு கவலை இருந்தது. எங்கே படுக்கவைப்பது. கல்யாண மண்டபம் நிரம்பியது, பள்ளிக்கூடம் நிரம்பியது, தறிசெட்டுகளில் தறியில் ஏற்றிய பாவுநூலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள், அந்தச் சத்தத்திலும் தூங்கினார்கள், ஏனென்றால் தூக்கத்தில் இன்னது பிடிக்கும் இன்னது பிடிக்காது என்று அவர்களுக்கு யாரும் வைத்திருக்கவில்லை. ஆதார் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனோம், முதல் ஆளின் ரேகையை எடுத்துக்கொண்ட மிஷின் அடுத்த ஆளைப் பார்த்து ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றது, அதற்கடுத்தவளிடமும் அதையே சொன்னது, "ஒரே ஆளு எத்தன தடவதான் வருவீங்க?" என்று அங்கிருந்தவர் எரிந்து விழுந்தார். தறி முதலாளிகளுக்கு வாயெல்லாம் பல். சொன்ன இடத்தில் நிற்கிறாள், சொன்னதைச் செய்கிறாள், எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணத் தரகர்கள் வந்தார்கள், அவர்கள் சொன்னதும் அதேதான், எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது என்று. இப்படியொரு பிள்ளை கிடைக்காதா என்று ஏங்கிய ஊரில் இத்தனை பிள்ளைகள் வந்திறங்கினால் யாருக்குக் கசக்கும்? செல்லக்கனிக்குக் கசந்தது.

"உனக்கு என்னட்டி பிடிக்கும்? சொல்லு, ஆக்கிப் போடுதேன்."

"அண்ணனுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்."

"அவன் கிடக்கான். உனக்கு?"

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவளைப் போல இருந்தது அவள் முகம். கடைசியில், "அண்ணனுக்குத் தோள்ல ஒரு தழும்பு உண்டு, சின்ன வயசுல மாடு முட்டினது" என்றாள். செல்லக்கனி கரண்டியைத் தூக்கி எறிந்தாள். அவள் மேல் இல்லை, சுவரின் மேல். "மாடு முட்டினது கூட அவனையாட்டி? உன்ன ஒரு கொசுகூடக் கடிக்கலையா?"

அன்றிலிருந்து தினமும் கருவாட்டுக் குழம்புதான் வைத்தாள். வேண்டுமென்றே வைத்தாள். காலையில் கருவாடு, மத்தியானம் கருவாடு, தறிக்குக் கட்டிக்கொடுத்த தூக்குவாளியிலும் கருவாடு. ஒருநாள் முதல் தங்கச்சி ஒரு வாய் அள்ளி வைத்து, மென்று, முகம் கோணி, வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு, "நாத்தம் குடலைப் பிடுங்குது! ஒரு மனுஷி தினமும் இதையா திம்பா?" என்று கத்தினாள். செல்லக்கனி எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்று எங்கள் தெருவுக்கே சேவும் சீரணி மிட்டாயும் வாங்கி வந்து கொடுத்தாள். அன்றுதான் அவளுக்குப் பேரும் வைத்தார்கள். கோகிலா, சித்ரா என்று பெண்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இத்தன நாளும் சின்னப் பேராத்தான் இருந்துட்டேன். பெருசா ஒண்ணு குடுங்க." உலகம்மா என்று வைத்தோம்.

அது ஒட்டுவாரொட்டிபோலப் பரவியது. ஒருத்தி தாவணி வேண்டாம், சுடிதார்தான் என்றாள். ஒருத்தி குழாயடியில் குடத்தால் ஒருவன் மண்டையில் போட்டாள். ஒருத்திக்குப் பாட்டு வந்தது, ஒருத்திக்குப் பொய் வந்தது, ஒருத்திக்கு மினிபஸ் டிரைவர் மேல் ஆசை வந்து அவனோடு சண்டையும் வந்தது. ஒரே முகத்தில் இத்தனை முகம் வருமா என்று நாங்களே வாய் பிளந்து பார்த்தோம். தரகர்கள் வருவது நின்றது.

ஆனால் சிலபேர் போய்க்கொண்டும் இருந்தார்கள். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த ஒருத்தி, எங்கள் செட்டில், என் தறிக்குப் பக்கத்துத் தறியில், முடிச்சைப் பாதியில் விட்டு நிமிர்ந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது, காலிலிருந்து செருப்பு கழன்றது, உடம்பு வெளிச்சமாகி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஊடுருவிக்கொண்டு மேலே போய்விட்டாள். அதே நேரத்தில் செல்போன் கடை வாசலில் ஒருத்தன் "முடிச்சுட்டேன்லே!" என்று துள்ளினானாம். கடைசிச் சண்டையில் வீரன் வில்லன் தலையை எடுத்ததும் தங்கச்சியின் ஆவி வானத்தில் தோன்றிச் சிரித்துவிட்டு மறையுமாம், கதை அப்படி. வெட்டியதைக்கூட நாங்கள் பொறுத்துக்கொண்டிருப்போம், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு நாள் பழகிய நாங்கள் சொல்கிறோம், அந்தப் பிள்ளை அப்படிச் சிரிக்கிற பிள்ளையே இல்லை. அவள் சிரித்தால் மூக்கு சுருங்கும்.

பையன்கள் போனில் ஓடிய படத்தை உற்றுப் பார்த்த செல்லக்கனிதான் கிணற்றைக் கண்டுபிடித்தாள். கேமில் வருவது எங்கள் ஊர்க் கிணறு, வடகோடியில் அம்மன் கோயிலை ஒட்டி இருக்கிற படிக்கிணறு, உடைந்த மூலைக்கல் உட்பட. அந்தக் கல்லில் உட்கார்ந்து வளர்ந்தவன் அவள் தம்பி மகன் மதிவாணன், பெங்களூரில் கேம் கம்பெனியில் கதை எழுதுகிறவன். என்ன கதை என்று அதுவரை நாங்கள் கேட்டதில்லை. செல்லக்கனி போனைப் போட்டாள்.

"ஏலே மதி, நீ கொன்ன பிள்ளைங்கள்லாம் நம்ம ஊருல வந்து நிக்குதுங்க. வந்து பாத்துட்டுப் போ."

வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் எழுதிய முகம் டீ குடித்துக்கொண்டிருந்தது, பூ கட்டிக்கொண்டிருந்தது, வாழைப்பழத்தோலை ரோட்டில் போட்டவனை ஏசிக்கொண்டிருந்தது. வியர்த்துவிட்டது பயலுக்கு. வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கினான், நாங்கள் வாசலில் நின்று கேட்டோம்.

"அத்தை, ஹீரோவுக்கு ஒரு கோவம் வேணும்லா? விளையாடுதவன் கையில அரிவாளக் குடுக்குமுன்ன ஒரு காரணத்தக் குடுக்கணும்."

"அவனுக்குக் கோவம் வரதுக்கு இவ சாகணுமோ? சோத்துல உப்பு இல்லன்னா வராதோ? உங்க அப்பனுக்கு அதுக்கே வருமேடே!"

"சிரிக்காதீங்க. கேரக்டர் வளரணும் அத்தை. வீரன் முதல்ல பயந்தாங்கொள்ளி, பெறவு கோவக்காரன், கடைசியில மன்னிக்கத் தெரிஞ்சவன். இதுக்கு அவார்டே குடுத்திருக்காங்க."

"எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு மன்னிப்பானாக்கும். மன்னிக்க மிச்சம் எவன் இருக்கான்?"

அப்போதுதான் உலகம்மா உள்ளேயிருந்து வந்தாள். நெஞ்சுக்கட்டு அன்றும் நனைந்துதான் இருந்தது. அவன் எதிரே நின்று, கோபமில்லாமல், கடையில் சாமான் விசாரிக்கிறவளைப் போலக் கேட்டாள்.

"என்னைய நீங்கதான் எழுதுனீங்களா? என்ன பேரு வச்சிருந்தீங்க?"

"பேரு... தங்கச்சின்னுதான்."

"எனக்கு நீச்சல் தெரியுமா?"

மதிவாணனுக்கு விளங்கவில்லை. "என்னது?"

"கிணத்தடியிலதான நின்னேன். நாலு பேரு அரிவாளோட வாராங்க. நீச்சல் தெரிஞ்சிருந்தா உள்ள குதிச்சிருப்பேன்லா? எனக்குத் தெரியுமா தெரியாதான்னு கேக்கேன்."

 "அத யோசிக்கல" என்றான். "கதைக்கு அது தேவப்படல."

தேவப்படல. அந்த ஒரு சொல் ஊரெல்லாம் சுற்றி வந்தது. தார் சுற்றுகிற பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்பினார்கள். மறுநாளே உலகம்மா முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு வடகோடிக் கிணற்றில் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து நாங்கள் திரும்புகிற காலை வேளையில் கிணறு முழுக்க ஒரே முகம் தண்ணீரைக் குடித்து, இருமி, ஏசி, மறுபடியும் குதித்துக்கொண்டிருந்தது.

மதிவாணன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. நனைந்த கட்டைப் பார்த்து அவனுக்கு மனசு தாங்கவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் சண்முகையாவிடம் போனான். "முதல்ல வந்த பிள்ள என் போன்ல இருந்து வந்தது பெரியப்பா. ஆபீசுல நான்தான் முதல் ஆட்டம் ஆடுனேன், இன்னும் முடிக்கல. நான் முடிச்சா அவ காயம் ஆறிரும், சாந்தியாயிருவா. கதை முடியாம காயம் ஆறாது." சண்முகையாவுக்கு அது சட்டென்று புரிந்தது, ஏனென்றால் எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதான்: அகாலத்தில் கொலையுண்ட கன்னிக்குப் பீடம் போட்டு, பட்டு சாத்தி, வளையல் அடுக்கி, சாந்தியாகு தாயே என்று கும்பிடுவோம். வெட்டினவனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டு, வெட்டுப்பட்டவள் காலில் விழுந்து அடங்கிப் போ என்று கேட்கிற ஊர் இது. இப்படி எத்தனை பீடம் எங்கள் எல்லையில் நிற்கிறது! ஒன்றிலாவது வெட்டினவன் பேர் இருக்கிறதா? உலகம்மாவுக்கும் பீடம் போட்டுக் கோயிலில் கொடைவிழா எடுப்பது என்று முடிவானது, அந்தக் கொடைக்கு நானும் வரி கொடுத்தேன். பாவம், பிள்ளை கரையேறட்டும் என்றுதான் எல்லாரும் கொடுத்தோம். அவளிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, செல்லக்கனிக்கும் யாரும் சொல்லவில்லை.

கொடை அன்று நல்ல வெயில். கிணற்றுக்கும் கோயிலுக்கும் நடுவில் புதுப் பீடம், சுண்ணாம்பு காயாத பீடம். கொடைக்கு வா தாயி என்று கூப்பிட்டதும் உலகம்மா ஆசையாகத்தான் வந்தாள், பட்டைக் கட்டினார்கள், வளையலை அடுக்கினார்கள், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது, அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், "இது யாருக்கு?" என்று கேட்டாள். உறுமி மேளம் முழங்கியதில் அந்தக் கேள்வி யார் காதிலும் விழவில்லை. பீடத்துக்குப் பின்னால் மதிவாணன் வேர்த்த விரலால் கடைசிச் சண்டையை ஆடிக்கொண்டிருந்தான். வில்லன் தலை விழுந்தது. சண்முகையா இரண்டு கையையும் தூக்கி, "சாந்தியாகு தாயே!" என்றார்.

உலகம்மாவின் உதட்டில் அந்தச் சிரிப்பு வந்தது. அவளுடைய சிரிப்பில்லை அது, மூக்கு சுருங்கவில்லை. பட்டுச்சேலைக்குக் கீழே இரண்டு பாதமும் தரையை விட்டன. கூட்டம் குலவையிட்டது. செல்லக்கனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவள் கணுக்காலைப் பிடித்துத் தொங்கினாள், தொங்கினவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவள் மேலே போனாள், கிணற்றுச் சுவருக்கு மேலே, வேம்புக்கு மேலே. "ஏட்டி! ஏட்டி உலகம்மா! எனக்கு வலு இல்லட்டி! சிரிக்காதட்டி! கருவாடு ஆக்கிப் போட்டேனே, என்னைய ஏசுட்டி, எவனையாவது ஏசுட்டி!"

சிரிப்பு நடுங்கியது. உதட்டின் ஒரு ஓரம் கீழே இறங்கியது, பிறகு இன்னொரு ஓரம். அவள் குனிந்து எங்களைப் பார்த்தாள், கும்பிட்ட கைகளைப் பார்த்தாள், மதிவாணன் கையில் மினுங்கிய போனைப் பார்த்தாள். பிறகு பேசினாள், உறுமி தானாக நின்றது.

"நான் செத்துக்கிட்டு இருக்கும்போது எல்லாரும் அவன் மூஞ்சியத்தான் பாத்தீங்க. என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. வெட்டு எனக்கு, அழுகை அவனுக்கு. உசுரு எனக்கு, கோவம் அவனுக்கு. இப்ப நான் சிரிச்சாத்தான் உங்களுக்குச் சோறு இறங்குமோ? எனக்குச் சாந்தி வேண்டாம். என் கோவத்த நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

சொல்லச் சொல்ல அவள் கனத்தாள். கல் கனக்கிறதைப் போல, பாவு சுற்றிய இரும்பு உருளை கனக்கிறதைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பாரம் கூடி, வேம்பின் உயரத்திலிருந்து இரண்டு பேரும் விழுந்தார்கள், நேராகக் கிணற்றுக்குள். ஊர் அலறியது. செல்லக்கனிக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தோம், பட்டுச்சேலை தண்ணீரில் தாமரையிலையைப் போல விரிந்து கிடந்தது, ஆள் இல்லை. பிறகு ஒரு தலை எழுந்தது. ஒரு கையால் தண்ணீரை அடித்து, மறு கையால் செல்லக்கனியின் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உலகம்மா படிக்கு வந்து சேர்ந்தாள். நெஞ்சுக்கட்டு அவிழ்ந்து பின்னால் மிதந்து வந்தது, வெள்ளை வெளேரென்று, தறியிலிருந்து அறுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. காயம் இருந்த இடத்தில் ஒரு தழும்பு இருந்தது.

"மாடு முட்டினதா?" என்று இருமிக்கொண்டே கேட்டாள் செல்லக்கனி.

உலகம்மா சிரித்தாள். மூக்கு சுருங்கியது.

புதுப் பீடத்தை அன்றைக்கே பெண்கள் உடைத்தார்கள், கடப்பாரையை எடுத்துக் கொடுத்தது சண்முகையாவின் பெஞ்சாதி. மதிவாணன் கதையை மாற்றி எழுத வேண்டிய வேலையே வரவில்லை. அதற்குப் பிறகு எவன் எந்த ஊரில் சூலவேட்டையைத் தொடங்கினாலும், தடியன்கள் வருவதைப் பார்த்ததும் தங்கச்சி கூழ்ப்பானையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றுக்குள் குதித்தாள். எந்தப் பக்கம் ஏறிப் போனாள் என்று போனில் தெரியவில்லை. வீரன் ஓடிவந்து நிற்பான். மடியில் போட ஆளில்லை, அலறக் காரணமில்லை, அரிவாள் கைக்கு வராது. விளையாட்டு ஆரம்பிக்க மாட்டேன் என்கிறது என்று நாடெங்கும் கத்தினார்கள். கம்பெனிக்காரர்கள் எத்தனையோ முறை சரிசெய்து பார்த்தார்கள். எங்கள் ஊருக்குப் புதிதாக யாரும் வந்து இறங்கவில்லை, இருந்தவர்கள் யாரும் மேலே போகவும் இல்லை.

பிறகு ஒருநாள் மத்தியான வண்டியில் அவன் வந்து இறங்கினான். முறுக்கு மீசை, தோளில் மாடு முட்டிய தழும்பு, இடுப்பில் அரிவாள். "தங்கச்சி எங்க?" என்று கேட்டான். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு அவன் தங்கச்சியின் முகம், ஒருத்தியும் திரும்பவில்லை. கண்டக்டர் எங்கள் செட்டைக் கைகாட்டினார்.

சாப்பாட்டு நேரம். உலகம்மா தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, கண்ணில் தண்ணீர் முட்ட, எழுதி வைத்த குரலில் சொன்னான்.

"தங்கச்சி! உனக்காகத்தானம்மா நான் இத்தனை பேரை வெட்டினேன்!"

அவள் வாயிலிருந்த சோற்றை மென்று முடித்தாள்.

"நான் கேட்டேனா?"

அவன் நின்றான். அதற்கு அவன் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் கையைக் கழுவினாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், போய்த் தறியின் சுவிட்சைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவன் வேறு ஏதாவது சொன்னானா என்று தெரியாது. வாசலை விட்டுத் தள்ளி நில்லும், வெளிச்சத்த மறைக்கீரு என்று மட்டும் செல்லக்கனி சொன்னாள்.